சக்கரம் பூட்டிய ஒற்றன்

பண்டை நாளில் அரசர்கள் ஒற்றர்களை வைத்திருந்தார்கள். வள்ளுவரும் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதைப் பொருட்பாலில், அரசனுக்குரிய கடமைகளுக்கிடையே வைத்தார். ஒற்றனுக்குக் கூலி அரசன் கொடுத்தான். வேவு பார்க்கப்பட்டவன் கூலி கொடுத்ததாக எந்த ஏட்டிலும் நாம் படித்ததில்லை. இன்று அந்த விந்தையும் நடக்கிறது! பத்து லட்சம், இருபது லட்சம் என்று பணத்தைக் கொட்டி, வங்கியில் கடன்பட்டு, மாதந்தோறும் தவணை கட்டி, தன்னை வேவு பார்க்கும் ஒற்றனைத் தன் வீட்டு வாசலிலே கொண்டுவந்து நிறுத்துகிறான் மனிதன். அந்த ஒற்றனுக்கு நான்கு சக்கரம். அவன் குடிக்கும் பெட்ரோலுக்கும் இவனே காசு தர வேண்டும்! இணையத்தோடு இணைந்த மோட்டார் கார் என்பது அந்த ஒற்றனின் பெயர்.

மிகைப்படுத்துகிறோம் என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர்கள் நகைக்கட்டும். நாம் ஊர் வம்பு பேச வரவில்லை. சர்க்கார் கமிஷன்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் எழுதிவைத்த கணக்கையும், பத்திரிகைகள் துருவி வெளியிட்ட செய்திகளையும் வைத்தே பேசுகிறோம். கேளுங்கள் தோழர்களே!

பெட்டிக்குள் என்ன?

புதிய காருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. நம் செல்போனில் இருப்பதுபோல் அதற்கும் ஒரு சிம் உண்டு. என்ஜின் எத்தனை மணிக்கு உயிர் பெற்றது, எத்தனை மணிக்கு அணைந்தது, என்ன வேகம், பிரேக்கை மெல்ல மிதித்தாரா சட்டென்று மிதித்தாரா, பெல்ட் போட்டாரா, வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது – அத்தனையும் அதற்குத் தெரியும். சில கார்களில் பேச்சைக் கேட்கும் மைக்கும், முகத்தைப் பார்க்கும் காமிராவும் உண்டு. செல்போனைக் காரோடு இணைத்துவிட்டால், அதில் உள்ள பெயர்களும் எண்களும் காருக்குள் இறங்கிவிடுகின்றன. இவற்றில் எதையெதை வேண்டுமோ அதையெல்லாம் அந்தப் பெட்டி கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது.

எதற்காக என்று கேட்டால், கம்பெனிக்காரர் பதிலை ஆயத்தமாக வைத்திருக்கிறார். "விபத்து நேர்ந்தால் உதவி வரும். வண்டி களவு போனால் கண்டுபிடிக்கலாம். பழுது வருமுன்பே எச்சரிக்கலாம்" என்கிறார். இவை பொய்யல்ல. விபத்தில் ஓர் உயிர் பிழைக்குமானால் அதை வேண்டாம் என்று சொல்ல நாம் பித்தர்களா? உயிரைக் காக்க வைத்த பெட்டி, காசு பார்க்கும் பெட்டியாக மாறியது எப்படி என்பதே நம் கேள்வி.

258 பக்கம்!

அமெரிக்காவில், சியாட்டில் நகருக்கு அருகே ஒருவர். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் செவர்லே போல்ட் என்னும் மின்சாரக் காரைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டிவந்தார். தம்மால் ஒரு விபத்தும் நேர்ந்ததில்லை என்பவர். 2022ஆம் ஆண்டில் அவருடைய கார் இன்ஷூரன்ஸ் கட்டணம் திடீரென்று 21 சதவிகிதம் ஏறியது. வேறு கம்பெனிகளிடம் போனார், அங்கும் ஏற்றம்தான். காரணம் கேட்டபோது, லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற கம்பெனி வைத்திருக்கும் அறிக்கையும் ஒரு காரணம் என்று ஏஜெண்ட் சொன்னார்.

அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கினார். வந்தது 258 பக்கம்! அதில் 130 பக்கங்களுக்கு மேல், கடந்த ஆறு மாதத்தில் அவரும் அவர் மனைவியும் காரை எடுத்த கதை. 640 பயணங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள், எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை தூரம், எப்போது வேகம் மிகுந்தது, எப்போது பிரேக் திடுமென விழுந்தது – சித்திரகுப்தன் ஏடும் தோற்றது போங்கள்! எழுதிக் கொடுத்தவர் யார்? காரைக் கொடுத்த அதே கம்பெனி. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை அம்பலமாக்கியது.

குழந்தை குறுக்கே ஓடி வந்ததால் பிரேக்கை மிதித்தாரா, செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்து மிதித்தாரா? பெட்டிக்கு அது தெரியாது. குழந்தையைக் காப்பாற்றியவன் கணக்கிலும் ஒரு கரும்புள்ளி விழும். வாதி இல்லை, பிரதிவாதிக்குச் செய்தியே இல்லை, விசாரணை இல்லை. தீர்ப்பு மட்டும் கட்டண ரசீதில் வந்து சேருகிறது. இதுவும் ஒரு நீதியா?

செய்தி வெளியான சில நாட்களிலேயே, தரகர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டோம் என்றது ஜெனரல் மோட்டார்ஸ். வெளிச்சம் பட்டதும் கை பின்வாங்கிய விதத்தைக் கவனியுங்கள்! அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்ஸாஸ் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. வண்டி இருக்கும் இடத்தை மூன்று விநாடிக்கு ஒருமுறைகூடக் குறித்தார்கள், மக்களைத் தவறாக நம்பவைத்துத் திட்டத்தில் சேர்த்தார்கள் என்பவை கமிஷனின் குற்றச்சாட்டு. இருக்குமிடத்தையும் ஓட்டும் விதத்தையும் பற்றிய தகவலை, மக்களின் கடன், இன்ஷூரன்ஸ் தகுதியை எடைபோடும் நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுகள் தரக்கூடாது என்று கட்டுப்படுத்தும் உடன்பாட்டையும் அது வெளியிட்டது. மூன்று விநாடி! தாய்கூடத் தொட்டில் பிள்ளையை அத்தனை முறை திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு மனிதனின் விலை

அந்தரங்கம் விலைமதிப்பற்றது என்று மேடையில் பேசுகிறோம். சந்தையில் அதற்கு விலை போட்டிருக்கிறார்கள். என்ன விலை தெரியுமா?

2024 ஜூலையில் ரான் வைடன், எட் மார்க்கி என்ற இரு அமெரிக்க செனட்டர்கள் வர்த்தகக் கமிஷனுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அதிலே இருக்கிறது கணக்கு. ஹோண்டா கம்பெனி 97,000 கார்களின் தகவலை வெரிஸ்க் என்னும் தகவல் தரகருக்குக் கொடுத்தது. பெற்றது 25,920 டாலர். காருக்கு 26 சென்ட்! ஹூண்டாய் கம்பெனி 17 லட்சம் கார்களின் தகவலைக் கொடுத்தது. பெற்றது சுமார் 10 லட்சத்து 43 ஆயிரம் டாலர். காருக்கு 61 சென்ட்!

26 சென்ட் என்றால் அந்த நாளின் மாற்றுக் கணக்கில் நம் பணத்தில் இருபது ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு டீ, ஒரு வடை, அவ்வளவுதான். மனிதன் எப்படி ஓட்டினான், எப்போது ஓட்டினான் என்ற வாழ்க்கைக் குறிப்பை டீக்கும் வடைக்கும் விற்றிருக்கிறார்கள். அந்தக் குறிப்பினால் இன்ஷூரன்ஸ் ஏறினால், ஏறும் தொகையோ நூற்றுக்கணக்கான டாலர். விற்றவனுக்குக் கிடைத்தது சில்லறை. இழந்தவன் தலையில் விழுந்தது சுமை. இவ்வளவு மலிவாக ஏன் விற்றார்கள்? தன்னுடைய பொருளாக இருந்தால் அடிமாட்டு விலைக்குத் தருவார்களா? ஊரான் வீட்டு நெய், அதனால்தான் கை தாராளம்!

வெற்றுத்தாளில் கைநாட்டு

"நீங்கள்தானே சம்மதம் தந்தீர்கள்?" என்று கம்பெனி கேட்கிறது. சம்மதமாம்! அது எப்படிப்பட்ட சம்மதம்?

கந்துவட்டிக்காரன் கதை நமக்குப் புதிதல்ல. மகள் திருமணத்துக்கோ மனைவி மருத்துவத்துக்கோ கடன் கேட்டுப் போன குடியானவனிடம் வெற்றுத்தாளை நீட்டிக் கைநாட்டு வாங்குவான். தொகையைப் பிறகு அவனே நிரப்பிக்கொள்வான். வழக்கு வந்தால், "கைநாட்டு இருக்கிறதே, எஜமானே!" என்பான். அன்று தாள், இன்று கண்ணாடித் திரை. அன்று மை தடவிய விரல். இன்று மை தடவாத விரல். புதுக்கார் வாங்கிய மகிழ்ச்சியில், மாலையும் குங்குமமுமாக வண்டி நிற்கும்போது, விற்பனையாளர் திரையைக் காட்டி "இதை அமுக்குங்கள், அதை அமுக்குங்கள்" என்கிறார். பல பக்கம் படித்து, வக்கீலை வைத்துப் பொருள் கண்டு அமுக்கியவர் எத்தனை பேர்?

மோசில்லா என்னும் அமைப்பு 2023 செப்டம்பரில் 25 கார்ப் பெயர்களின் சம்மதப் பத்திரங்களை எடுத்துப் படித்தது. தேறியது எத்தனை? ஒன்றுகூட இல்லை! 25க்கு 25ம் தோல்வி. நூற்றுக்கு 84 பங்கு, தகவலைப் பிறருக்குத் தரலாம் அல்லது விற்கலாம் என்று எழுதிவைத்திருந்தன. 76 பங்கு, விற்கும் உரிமை உண்டு என்றே எழுதிவைத்திருந்தன. 56 பங்கு, சர்க்காரோ போலீசோ கேட்டால் கொடுப்போம் என்றன. நிசான் கம்பெனியின் பத்திரத்திலே, ஓட்டுபவரின் பாலுறவு பற்றிய தகவல்கூடச் சேகரிக்கக்கூடியவற்றின் பட்டியலில் இருந்தது! காருக்கும் அதற்கும் என்னய்யா சம்பந்தம்? வெட்கம் வேண்டாமா?

அந்த 25இல், ஓட்டுநர் யாராயினும் தம் தகவலை அழிக்கச் சொல்ல உரிமை உண்டு என்றவை இரண்டே இரண்டு – ரெனால்ட், டாசியா. இரண்டும் ஒரே ஐரோப்பியக் குழுமத்தைச் சேர்ந்தவை. அந்தக் கம்பெனியின் முதலாளி மட்டும் புத்தரா? இல்லை. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அழி என்றால் அழித்தாக வேண்டும். மறுத்தால் அபராதம் பாயும். சட்டம் இருக்கும் இடத்தில் முதலாளிக்கு மரியாதை தெரிகிறது. இல்லாத இடத்தில் தெரியவில்லை. இதை மனத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

குவித்தால் கசியும்

"விற்கமாட்டோம், பத்திரமாக வைத்திருப்போம்" என்று ஒரு கம்பெனி சத்தியம் செய்கிறது என்றே கொள்வோம். பத்திரமாக இருக்குமா?

ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 2023 மே மாதத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. சுமார் 21 லட்சத்து 50 ஆயிரம் வாடிக்கையாளர்களின் வண்டித் தகவல், 2013 நவம்பரிலிருந்து 2023 ஏப்ரல் வரை, பூட்டப்படாத நிலையில் கிடந்ததாம். பத்தாண்டு! கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பத்தாண்டு தூங்கியிருக்கிறார்கள்.

கண்டிப்பான சட்டம் உள்ள ஐரோப்பாவிலும் ஒரு கூத்து நடந்தது. ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல் வெளியார் எட்டக்கூடிய நிலையில் இருந்ததை, 2024 டிசம்பரில் டெர் ஷ்பீகல் பத்திரிகை வெளியிட்டது. அவற்றில் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் கார்கள் நின்ற இடத்தைத் துல்லியமாகச் சொல்லலாம். அரசியல்வாதிகள் போய்வந்த இடங்கள் அதில் இருந்தன. ஹாம்பர்க் நகரப் போலீசின் ரோந்துக் கார்களும் இருந்தன. வேவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட போலீசையே வேவு பார்த்திருக்கிறது கார்!

அமெரிக்காவில் டெஸ்லா கம்பெனியில் நடந்தது இன்னும் கேவலம். 2019க்கும் 2022க்கும் இடையில், வாடிக்கையாளர்களின் கார்க் காமிராக்கள் எடுத்த அந்தரங்கப் படங்களை ஊழியர்கள் சிலர் தமக்குள் அனுப்பி வேடிக்கை பார்த்ததாக, முன்னாள் ஊழியர்கள் சொன்னதை 2023 ஏப்ரலில் ராய்ட்டர் நிறுவனம் வெளியிட்டது. ஆடையின்றிக் காரை நோக்கி வந்த ஒருவரின் படமும் அவற்றில் ஒன்று.

ஆகவே, விற்காதே என்று சொன்னால் மட்டும் போதாது; தேவைக்கு மேல் சேர்க்காதே என்றும் சொல்ல வேண்டும். குதிரிலே இல்லாத நெல்லை எலி தின்னாது.

காரே இல்லாதவனுக்கு என்ன கவலை?

இவ்வளவையும் படித்த நம் தோழர் ஒருவர் கேட்கக்கூடும். "நமக்குக் கார் ஏது? டவுன் பஸ்ஸில் தொங்குகிறவன் நான். சீமான்களின் அந்தரங்கம் போனால் எனக்கென்ன?" நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கார் சீமானுடையது, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் யார்? நம் ஆள். கால் டாக்சி ஓட்டுபவன், சரக்கு வேன் ஓட்டுபவன், லாரி ஓட்டுபவன், கம்பெனி கார் ஓட்டுபவன். காரை வாங்கியவனுக்காவது, பிடிக்காவிட்டால் அமுக்காமல் இருக்க ஒரு பொத்தான் உண்டு. கூலிக்கு ஓட்டுபவனுக்கு எந்தப் பொத்தான் இருக்கிறது? சம்மதம் கொடுத்தவன் முதலாளி; கண்காணிக்கப்படுபவன் தொழிலாளி!

2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அமேசான் சரக்குகளை வீடுவீடாகக் கொண்டுபோகும் வேன்களில் காமிரா பூட்டினார்கள். ஒரு கண் சாலையைப் பார்க்கும், இரு கண்கள் பக்கங்களைப் பார்க்கும், ஒரு கண் ஓட்டுநரின் முகத்தையே பார்க்கும். கொட்டாவி விட்டாலும் குறிப்பில் ஏறும். முக அடையாளம் முதலியவற்றை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். போடாவிட்டால் வேலை இல்லை. வயிற்றைக் காட்டி வாங்குகிற கையெழுத்துக்குப் பெயர் சம்மதமா? கொட்டாவியைக் குறித்துக்கொள்ளும் காமிரா, ஓட்டுநர் ஏன் கொட்டாவி விட்டார் என்று குறிப்பதில்லை. எத்தனை மணி நேர வேலை, எத்தனை வீடு, எப்போது சாப்பிட்டார் என்ற கணக்கு அந்த ஏட்டில் வராது.

இன்னொன்றும் உண்டு. தொழிற்சங்கம் அமைக்க நாலு பேர் ஓரிடத்தில் கூடுகிறார்கள். வந்த வண்டிகள் நான்கும் நின்ற இடம் ஒன்று, நின்ற நேரம் ஒன்று. முன்பெல்லாம் அதைத் தெரிந்துகொள்ள முதலாளி கருங்காலி ஒருவனைத் தேடிப் பிடித்துக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. கருங்காலிக்காவது ஒருநாள் மனச்சாட்சி உறுத்தும். பெட்டிக்கு மனச்சாட்சி ஏது?

பெண்களின் பாடு அதனினும் கொடிது. அடித்துத் துன்புறுத்தும் கணவனிடமிருந்து பிரிந்து வாழும் பெண்களை, காரோடு இணைந்த செல்போன் செயலி வழியாகக் கணவன் பின்தொடர்ந்த நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் வெளிவந்தன. அதனால்தான் 2024இல் கலிபோர்னியா மாநிலம், பாதிக்கப்பட்டவர் கோரினால் அவனுடைய இணைப்பைத் துண்டிக்கும்படி கார்க் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அந்தப் பெண்ணுக்கு அந்தரங்கம் சீமானின் ஆடம்பரமா? உயிர்!

நம் நாட்டில்

கடல் கடந்த கதை என்று விட்டுவிட முடியாது. 2019ஆம் ஆண்டிலேயே ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் போன்ற கார்கள் இணைய இணைப்பையே பெருமையாகப் பறைசாற்றி இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. அதே ஆண்டு ஜனவரி 1 முதல், புதிதாகப் பதிவாகும் டாக்சி, பஸ் முதலிய வாடகை வண்டிகளில் இடங்காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் விதி. பயணிகளின், குறிப்பாகப் பெண்களின் பாதுகாப்புக்காக வந்த விதி அது; நோக்கத்தை நாம் வரவேற்கிறோம். அந்தத் தகவல் எத்தனை நாள் இருக்கும், யார் யார் பார்க்கலாம் என்று ஓட்டுநருக்குச் சொல்லவேண்டிய கடமை உண்டா இல்லையா என்பதைத்தான் கேட்கிறோம்.

சர்க்கார் கையில் இருந்தால் பத்திரம் என்பாருக்கு ஒரு நினைவூட்டல். வண்டிப் பதிவு ஏடான வாகன், ஓட்டுநர் உரிம ஏடான சாரதி – இவற்றின் தகவலை மொத்தமாகக் கொடுக்கும் கொள்கை ஒன்றை மத்திய சர்க்கார் 2019இல் வெளியிட்டது. வணிக நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கட்டணம். 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் அந்த ஏடுகள் திறந்துவிடப்பட்டதையும், 65 கோடி ரூபாய் வருவாய் வந்ததையும் 2019 ஜூலையில் அமைச்சர் நிதின் கட்காரி மாநிலங்களவையில் தெரிவித்தார். எதிர்ப்புக் கிளம்பியது, 2020இல் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. லைசென்சுக்குக் காசு கட்டி வரிசையில் நின்றவனைக் கேட்டா கொடுத்தார்கள்?

அந்தரங்கம் குடிமகனின் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். தகவல் பாதுகாப்புச் சட்டம் வர அதன் பிறகு ஆறாண்டு ஆயிற்று. 2023 ஆகஸ்டில்தான் வந்தது. விதிகள் வெளியாக மேலும் இரண்டாண்டு. 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அமலாக மேலும் 18 மாத அவகாசம்! பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது நல்லதே. ஆனால் மத்திய சர்க்கார் நினைத்தால் தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்றொரு பிரிவும் அதிலே இருக்கிறது. வேலி போட்டவனே, தான் நுழைய ஒரு சந்து விட்டுக்கொண்டான்!

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் செய்யும் கை நம் தமிழ்த் தொழிலாளியின் கை. இரும்பை வளைப்பவன் அவன், கம்பி இணைப்பவன் அவன், சக்கரம் பூட்டுபவன் அவன். தன் கையால் செய்த வண்டி தன் இனத்தானையே காட்டிக்கொடுக்கும் கருவியாக வேண்டாம் என்று சொல்ல அவனைவிட உரிமை உடையவர் யார்?

நாம் கேட்பது

பாதுகாப்பு வேண்டுமானால் வேவும் வேண்டும் என்கிறார்கள். இது கலப்படமற்ற பித்தலாட்டம். ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல் புதுவகைக் கார்களில் அவசர அழைப்புக் கருவி கட்டாயம். மோதல் நேர்ந்தால் அது தானே 112 என்ற எண்ணை அழைக்கும், இடத்தைச் சொல்லும். மற்ற நேரத்தில் வண்டியைப் பின்தொடரக்கூடாது என்பது சட்டம். உயிரும் பிழைக்கிறது, அந்தரங்கமும் பிழைக்கிறது. முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அமெரிக்காவிலேயே, மோதலின்போது சில விநாடிகளைப் பதியும் கருவியின் தகவல் வண்டிக்கு உரியவருக்கே சொந்தம் என்று 2015இல் சட்டம் செய்தார்கள். சில விநாடித் தகவல் உரியவனுக்குச் சொந்தமென்றால், ஆறு மாதத் தகவல் மட்டும் எப்படிக் கம்பெனிக்குச் சொந்தமாகும்?

நாம் கேட்பவை இவை:

வாங்குபவர் தெளிவாக "சரி" என்று சொன்னாலன்றி வண்டி எதையும் அனுப்பக்கூடாது. மறுத்தாலும் வண்டி ஓட வேண்டும். அந்தச் சம்மதப் பத்திரம் தமிழில், ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும்.

பாதுகாப்புக்காகச் சேர்த்ததை இன்ஷூரன்சுக்கோ தரகருக்கோ விற்பதைச் சட்டம் அடியோடு தடுக்க வேண்டும்.

கூலிக்கு ஓட்டும் ஓட்டுநர் பற்றிய தகவலில் ஓட்டுநருக்கும் பங்கு வேண்டும். காமிராவின் சொல்லை மட்டும் வைத்துச் சம்பளம் வெட்டவோ வேலைநீக்கம் செய்யவோ கூடாது என்று ஒவ்வொரு தொழிற்சங்க ஒப்பந்தத்திலும் ஒரு வரி ஏற வேண்டும்.

சர்க்காரும் நீதிமன்ற உத்தரவின்றி இந்த ஏட்டைப் புரட்டக்கூடாது.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கலாகாது. நாளைக் காலையே செய்யக்கூடியவை சில உண்டு. பழைய காரை விற்கும்போது, ஆர்.சி. புத்தகத்தை மாற்றுவதோடு நில்லாமல், காருக்குள் பதிந்த செல்போன் பெயர்களையும் கணக்கையும் அழித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்; பழைய கார் வாங்குபவர், முந்தியவரின் செயலி இணைப்பு அறுந்ததா என்று பார்த்து வாங்குங்கள். வாடகைக் காரிலும் முதலாளி காரிலும் உங்கள் செல்போனை இணைக்காதீர்கள். சார்ஜ் ஏற்ற வேண்டுமானால் தனிச் சார்ஜரைச் செருகுங்கள். கார்ச் செயலி கேட்கும் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டாததை மூடுங்கள். விற்பனையாளர் அமுக்கச் சொன்னால், "எது போகிறது, யாருக்குப் போகிறது? எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். மெக்கானிக் தோழர்கள் வாடிக்கையாளருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஆனால் ஒருவன் பொத்தானை மூடுவதால் ஒற்றன் ஓடிவிடமாட்டான். ஒரு பத்திரிகை எழுதியதால் ஒரு கம்பெனி நிறுத்தியது. ஒரு கண்டம் சட்டம் செய்ததால் இரு கம்பெனிகள் பணிந்தன. எதிர்ப்புக் கிளம்பியதால் நம் சர்க்காரே ஒரு கொள்கையைக் கைவிட்டது. பேசினால் அசைகிறார்கள், சேர்ந்து பேசினால் பணிகிறார்கள் என்பது இவற்றால் விளங்கவில்லையா? கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். படிப்பகங்களில் இதை உரக்கப் படியுங்கள். டாக்சி நிறுத்தத்திலும் லாரிப் பேட்டையிலும் ஓட்டுநர் தோழர்களுக்குச் சொல்லுங்கள். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உள்ள நம் உறுப்பினர்களுக்குக் கிளைதோறும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள்.

வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்த காலத்தை நம் பாட்டன்மார் போராடி ஒழித்தார்கள். கண்ணாடித் திரையில் வைக்கும் கைநாட்டை ஒழிப்பது நம் பங்கு. வண்டி நம்மைச் சுமக்கட்டும். நம்மைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்!